கோதுமை மணி யாருடைய சொல்?

2018ஆம் ஆண்டு மார்ச் 11, தவக்காலத்தின் நான்காம் ஞாயிறு. ஊதா உடையை ஒருநாள் கழற்றி வைத்துவிட்டு, ரோஜா நிறத் திருவுடையில் பீடத்தின்முன் நிற்கும் மகிழ்ச்சி ஞாயிறு அது. நிக்கதேமோடு ஆண்டவர் நிகழ்த்திய உரையாடலை வாசித்து, உலகின்மீது தந்தை கொண்ட அன்பைப் பற்றி வழக்கம்போல் மறையுரை ஆற்றினோம். அன்று பிற்பகலில், போடிநாயக்கனூரை அடுத்த குரங்கணி மலை பற்றியெரிந்தது.

கொழுக்குமலையிலிருந்து இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் அத்தீயில் சிக்கிக்கொண்டனர். சென்னை, ஈரோடு, திருப்பூர்ப் பகுதிகளிலிருந்து வந்தவர்கள்; பெரும்பாலோர் இளையோர், அவர்களிலும் பெண்களே மிகுதி. காய்ந்த புல்லும் மலைக்காற்றும் சேர்ந்தால் தீ எவ்வளவு விரைவாக ஓடும் என்பது மலையடிவாரத்தில் வாழும் நமக்குத் தெரியும். பட்டணத்துப் பிள்ளைகளுக்கு எப்படித் தெரியும்? சிலர் அங்கேயே இறந்தனர். இன்னும் சிலர் போடி, தேனி, மதுரை மருத்துவமனைகளில் நாள்கணக்கில் போராடி மடிந்தனர். இருபதுக்கும் மேற்பட்ட உயிர்கள் போயின.

அந்த வாரம் முழுவதும் தேநீர்க் கடைகளில் ஒரே பேச்சு. “அனுமதியில்லாமல் ஏன் போனார்கள்?” என்றார் ஒருவர். “பெண்பிள்ளைகளுக்கு மலையில் என்ன வேலை?” என்றார் மற்றொருவர். நம் கிறிஸ்தவர்களும் இதில் விலக்கல்லர். சீலோவாமில் கோபுரம் இடிந்து விழுந்து 18 பேர் மாண்டபோது எருசலேமிலும் இதே பேச்சுத்தான் நடந்திருக்க வேண்டும். மாண்டவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்ற எண்ணத்தை ஆண்டவர் அன்றே மறுத்துவிட்டார். நாம்தாம் அதை இன்னும் மறுக்கக் கற்றுக்கொள்ளவில்லை.

இந்தப் பேச்சைக் கண்டிக்கவேண்டும் என்ற ஆவலோடுதான் அடுத்த ஞாயிறு பீடத்தில் ஏறினோம். அன்றைய நற்செய்தி, மண்ணில் விழுந்து மடியும் கோதுமை மணியைப் பற்றியது. இதைவிடப் பொருத்தமான வாசகம் வாய்க்குமா? குருத்துவக் கல்லூரியில் பயின்ற இறையியல் கைகொடுக்க, “குரங்கணியில் மடிந்தவர்கள் கோதுமை மணிகள், அவர்களது மரணம் கனிதரும்” என்று உருக்கமாகப் பேசினோம். சிலர் கண்ணைத் துடைத்துக்கொண்டனர். உண்மையைச் சொல்வதானால், அதில் நமக்கு மனநிறைவும் இருந்தது.

திருப்பலி முடிந்ததும் ஒரு தாய் சக்கிரீஸ்து வாசலில் காத்து நின்றார். ஏலத்தோட்ட வேலைக்குப் பெண்களை ஏற்றிக்கொண்டு விடியுமுன் மலையேறும் ஜீப்புகளை இப்பள்ளத்தாக்கில் அறியாதவர் இல்லை. சில ஆண்டுகளுக்குமுன் அப்படியொரு ஜீப்பு கம்பம்மெட்டுப் பாதையில் கவிழ்ந்தபோது, தம் ஒரே மகளை இழந்தவர் அவர். அடக்கத் திருப்பலி நிறைவேற்றியவரும் நாமே. அன்றும் ஏறக்குறைய இதே மறையுரையைத்தான் சொல்லியிருந்தோம்.

“சாமி, அந்தக் கோதுமை மணி தானா விழுந்துச்சா, இல்ல யாராச்சும் போட்டாகளா?” என்று கேட்டார். நாம் தயங்கினோம். “எம் மக கூலிக்குத்தான சாமி போனா. யாருக்காக மடிஞ்சா?”

கோபமில்லை அவர் குரலில். பதில் தெரிந்தால் சொல்லுங்கள் என்பதுபோலக் கேட்டார். “செபிப்போம் அம்மா” என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போனோம். அதை நினைத்தால் இன்றும் கூசுகிறது.

அன்றிரவு விவிலியத்தை மீண்டும் திறந்தபோதுதான், இத்தனை ஆண்டுகளாகக் கண்ணில் பட்டும் கருத்தில் படாத ஒன்று புலப்பட்டது. கோதுமை மணி என்று ஆண்டவர் யாரைச் சொன்னார்? தம்மையே சொன்னார். தம் உயிரை எவரும் பறித்துக்கொள்ளவில்லை, தாமே கையளிப்பதாக வேறோரிடத்தில் தெளிவுபடுத்தியவர் அவர். நாயீன் ஊர்க் கைம்பெண்ணின் மகனைப் பாடையில் கண்டபோது கோதுமை மணியைப் பற்றி அவர் பேசவில்லை. பரிவுகொண்டு, பாடையைத் தொட்டார். இலாசரின் கல்லறையருகே அழுதார். பவுலடியாரும் அப்படித்தான். கிறிஸ்துவின் துன்பங்களில் குறைவாயிருப்பதை நிறைவாக்குவதாகக் கொலோசையருக்கு எழுதும்போது, தம் சொந்த உடலைப் பற்றியே பேசுகிறார். அடுத்த வீட்டுக்காரரின் உடலைப் பற்றி அன்று.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், மனிதத் துன்பத்தின் கிறிஸ்தவப் பொருளைப் பற்றிய தம் மடலை 1984 பிப்ரவரி 11 அன்று வெளியிட்டார். அந்தப் பவுலடியாரின் சொற்களோடுதான் மடல் தொடங்குகிறது. 1981 மே மாதத்தில் துப்பாக்கிக் குண்டுபட்டுச் சாவின் விளிம்புவரை சென்று மீண்டவர் எழுதியது அது. அம்மடல் நல்ல சமாரியரிடம் வந்து சேர்வதையும் கவனிக்க வேண்டும். அந்தச் சமாரியர், அடிபட்டுக் கிடந்தவரிடம் எதையும் விளக்கவில்லை. எண்ணெய் வார்த்தார், கட்டுப் போட்டார், தம் விலங்கின்மேல் ஏற்றினார். யோபின் நண்பர்களும் ஏழு நாள் வாய்திறவாமல் தரையில் உட்கார்ந்திருந்தவரை நல்ல நண்பர்களாகவே இருந்தனர். இறையியல் பேசத் தொடங்கியபோதுதான் கெட்டார்கள்!

முல்லைப் பெரியாற்று அணை 1895இல் கட்டி முடிக்கப்பட்டது. அந்த நீரில் விளைந்த நெல்லை இப்பள்ளத்தாக்கு இன்றும் உண்கிறது. பென்னிகுயிக்கை நன்றியோடு நினைத்து இங்கே பொங்கல் வைக்கிறார்கள், நல்ல வழக்கம். ஆனால், காட்டுக் காய்ச்சலிலும் காலராவிலும் விபத்திலும் அங்கே நூற்றுக்கணக்கில் மாண்ட தொழிலாளரை ‘நமக்காகத் தியாகம் செய்தவர்கள்’ என்று மேடைகளில் சொல்லும்போது மனம் உறுத்துகிறது. அவர்கள் வயிற்றுப்பாட்டுக்காகப் போனவர்கள். உயிரைக் கொடுக்கச் சம்மதமா என்று எவரும் அவர்களைக் கேட்டதில்லை. நாம் உண்ணும் சோறு அவர்களுக்குப் பட்ட கடன்தான். அதற்காக அவர்களது சாவுக்கு நாம் பொருள் எழுதிவிட முடியுமா?

குரங்கணியில் தீ பரவியபோது முதலில் மேலேறியவர்கள் ஊர்க்காரர்களும் தோட்டத் தொழிலாளர்களுமே. விமானப்படை ஹெலிகாப்டர்கள் பின்னர்தான் வந்தன. வெந்த உடல்களைப் போர்வையில் கிடத்தி, கம்புகட்டி, இருட்டில் பாறைகளினூடே சுமந்து இறங்கினார்கள். அந்தப் பிள்ளைகள் யார், ஏன் வந்தார்கள், அனுமதி பெற்றார்களா என்று சுமந்தவர்கள் கேட்டுக்கொண்டிருக்கவில்லை.

மறுநாள் மாலை அந்தத் தாயின் வீட்டுக்குச் சென்றோம். “அம்மா, நேற்றும் அன்றும் நான் சொன்னது தவறு” என்றோம். அவர் ஒன்றும் சொல்லாமல், மகள் வேலைக்குக் கொண்டுபோன தூக்குச்சட்டியை எடுத்துவந்து காட்டினார். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மகளைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். கேட்டுக்கொண்டிருந்தோம்.

சில ஆண்டுகள் கழித்து இன்னொரு ஜீப்பு கவிழ்ந்தது. தேனி மருத்துவமனைக்கு நாம் போய்ச் சேர்ந்தபோது இரவு பத்து மணி இருக்கும். விபத்துப் பிரிவு வாசலில், அழுதுகொண்டிருந்த முன்பின் அறியாத ஒரு பெண்ணின் அருகில் அந்தத் தாய் தரையில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் ஒரு பிளாஸ்க். நம்மைக் கண்டதும் எழ முயன்றார். வேண்டாமெனக் கையசைத்துவிட்டு நாமும் அருகில் உட்கார்ந்தோம். ஏன் வந்தார் என்று நாம் கேட்கவில்லை. டம்ளரில் காப்பி ஊற்றி, முதலில் அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.