களி சாப்பிடுகிற வீட்டுச் சம்பந்தம்

ஆனேக்கல் பக்கத்துக் கன்னடக் குடும்பம் ஒன்று எங்கள் பெண்ணைக் கேட்டு வந்தபோது, கோவில்பட்டியிலிருந்து நாத்தனார் போன் செய்தார்கள். "களி தின்கிற வீட்டுக்கா பெண்ணைக் கொடுக்கப் போறே? புள்ளை சோத்துக்கு ஏங்கிப் போயிடுமே!"

மாப்பிள்ளை தங்கமானவர், ஓசூர் சிப்காட்டில்தான் வேலை. ஆனாலும் பெற்ற மனம் கேட்கிறதா? பேச்சு வேறு, சாப்பாடு வேறு. பெண் அங்கே வயிறாரச் சாப்பிடுவாளா?

என் கணவர், "அந்தச் சாப்பாட்டை நாமே நாலு இடத்தில் சாப்பிட்டுப் பார்த்துவிடுவோமே" என்றார்.

நாங்கள் 2000-ல் ஓசூருக்கு வந்தவர்கள். பெங்களூர் இங்கிருந்து 40 கிலோ மீட்டர்தான். ஜூஜூவாடியைத் தாண்டினால் அத்திப்பள்ளி, அது கர்நாடகம். தெலுங்கும் கன்னடமும் இங்கே பல வீடுகளில் தலைமுறை தலைமுறையாகப் பேசுகிற பேச்சு. 1980 வாக்கில் பெரிய தொழிற்சாலைகள் வந்தபின் தெற்கத்திக்காரர்களும் வந்து சேர்ந்தோம்.

முதல் ஞாயிறு, பஸ் நிலையத்தருகே ஒரு சின்ன மெஸ். இலையில் கேழ்வரகுக் களி உருண்டை, கூடவே கீரைச் சாறு. நான் மெல்லுவதைப் பார்த்துப் பரிமாறின அம்மாள் சிரித்துவிட்டாள். "மெல்லாதீங்க அக்கா! கிள்ளி, சாத்துல தோச்சு முழுங்குங்க." அப்படியே செய்தேன், வழுக்கிக்கொண்டு இறங்கியது.

அடுத்த வாரம் அத்திப்பள்ளியில் ஒரு மிலிட்டரி ஓட்டல். அங்கே அதே களிக்கு முத்தே என்று பெயர், கூட நாட்டுக்கோழிச் சாறு. மூன்றாம் வாரம் கிருஷ்ணகிரி ரோட்டில் தெலுங்குக்காரர் கடை. அங்கே அரிசியும் சேர்த்துக் கிளறி, சங்கட்டி என்றார்கள்.

எனக்குப் பிடித்தது பஸ்ஸாரு. கீரையையும் பருப்பையும் வேகவைத்து, வடித்த நீரில் மசாலா அரைத்து விட்டால் சாறு. வெந்ததைத் தாளித்தால் பொரியல். ஒரே பானையில் இரண்டு பதார்த்தம்! கேழ்வரகு 100 கிராமில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச் சத்து. அரிசியில் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. களி என்று ஏளனம் செய்யலாமா, சொல்லுங்கள்?

மார்கழியில் மாப்பிள்ளை வீடு பார்க்கப் போனோம். சற்று முன்னதாகவே போய்விட்டதால், அந்த அம்மாள் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தாம்பாளத்தில் வைத்துத் தோல் பிதுக்கிக்கொண்டிருந்தார். எங்கள் பக்கத்தில் அதை மொச்சை என்போம். நானும் உட்கார்ந்து கை கொடுத்தேன். இது என்ன என்று ஜாடையில் கேட்டதற்கு, "ஹிதகபேளே" என்றார். ஓசூரில் எங்கள் அடுத்த வீட்டுத் தெலுங்கு அக்கா இதையே "பிதிகின பப்பு" என்பார். நம் பால் அவர்களுக்கு ஹாலு. நம் பிதுக்கு ஹிதகு. மூன்று பேச்சிலும் ஒரே சொல்தான்!

பந்தி முடிந்ததும் அவர் அரைகுறைத் தமிழில் சொன்னார்: "உங்க பொண்ணுக்கு நான் தனியா சோறு வடிப்பேன் அம்மா. பிடிச்சா முத்தே சாப்பிடட்டும்."

நாத்தனாருக்கு அன்று இரவே போன் செய்து, பேசி முடித்துவிட்டோம் என்று சொன்னேன். 2023-ல் கல்யாணம் நடந்தது. இப்போது என் பெண் களி கிண்டுகிறாள். அவள் மாமியார் எங்கள் ஊர்ப் புளிக்குழம்பு வைக்கிறார்.

சகோதரிகளே, பச்சை மொச்சை கிடைக்கும்போது பிதுக்குப் பருப்புக் குழம்பு செய்து பாருங்கள். உரித்த கொட்டையை இரவே ஊறவையுங்கள். காலையில் விரல்களுக்கிடையே அழுத்தினால் பருப்பு வெளியே குதிக்கும். வெங்காயம், தக்காளி வதக்கிப் பருப்பை வேகவிட்டு, தேங்காய், கொத்தமல்லி, பச்சை மிளகாய், பட்டை, கிராம்பு அரைத்து விட்டுக் கொதிக்கவிடுங்கள். வாயுத் தொந்தரவுக்கு இஞ்சியும் பூண்டும் தாராளமாகச் சேருங்கள். தோல் போய்விடுவதால் நன்றாகக் குழைய வெந்துவிடும். குழந்தைகளுக்கு மசித்தும் கொடுக்கலாம். பிதுக்குகிற வேலைக்கு மட்டும் நாலு கை வேண்டும், அக்கம்பக்கத்தாரையும் கூப்பிட்டுக்கொள்ளுங்கள்.