அம்மையின் மஞ்சள் அரளி

2024 மே மாதம் திருவிதாங்கூர் தேவஸ்வம் போர்டு, தன் கோயில்களில் நைவேத்தியத்துக்கும் பிரசாதத்துக்கும் அரளிப்பூ கூடாது என்றது. தோவாளைச் சந்தையில் அதே பேச்சு. அன்று ராத்திரியே மகள் போனில், "அப்பா, வாசல்ல நிக்குற அரளிய வெட்டிக் களஞ்சிரணும். பிள்ளையக் கூட்டிட்டு வாறேன்" என்றாள்.

அவர்கள் விலக்கியது செவ்வரளி. எங்கள் வீட்டில் நிற்பது மஞ்சள் அரளி. செடி வேறு, இதயத்தைப் பிடிக்கும் நஞ்சு ஒரே ஜாதி. செவ்வரளிக்குக் காய்ந்த நெற்றுதான்; இதற்கோ பளபளவென்று பச்சைக் காய், பழுத்தால் கறுக்கும். பிள்ளைக் கை நீளத்தான் செய்யும். உள்ளே இருக்கும் பருப்பில்தான் விஷம் கூடுதல்.

அம்மை விடவில்லை. "சிவனுக்குப் பூவுக்கு எங்கலே போவேன்? நீ இந்த மூட்டில வெளையாடி வளந்தவன்தானே?"

வெட்டவில்லை. பூ உதிர்ந்து பிஞ்சு தெரிந்ததுமே தொரட்டியால் அறுக்கிறேன். பால் படாமலிருக்கக் கையுறை, கண்ணாடி. வெட்டின கம்பை அடுப்பில் வைப்பதில்லை, ஆடு மேயும் பக்கம் போடுவதில்லை, குழிதோண்டி மூடுகிறேன்.

தின்றுவிட்டால் புளித்தண்ணி போதும் என்கிறாள் அம்மை. எனக்கு அதுதான் பயம். ஆசாரிப்பள்ளம் ஆஸ்பத்திரிக்கு ஓடவேண்டிய நேரத்தில் புளி கரைத்துக்கொண்டு நிற்போம்.

பேத்தி வந்த அன்று விடியற்காலையில் மரத்தை இரண்டு சுற்றுச் சுற்றினேன். இலைக்குள் ஒளிந்து ஒரு காய் கிடந்தது.