அறியாமல் கொளுத்திய கூடு

சென்ற ஆண்டு மழைக்காலத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நமது வீட்டு முற்றத்துச் செம்பருத்தியைக் கத்தரிக்கையில், கிளையொன்றில் கட்டைவிரல் நுனியளவு பழுப்புநிறக் கட்டி ஒட்டியிருக்கக் கண்டோம். நுரை காய்ந்து இறுகியது போன்ற தோற்றம், தொட்டால் கெட்டி. இன்னதென்று நாம் அறியோம். அறியாத பொருளைக் கண்டவிடத்து மனிதன் முதலிற் செய்வது யாது? அழிப்பதே. நாமும் கிளையோடு நறுக்கிக் குப்பையிலிட்டுத் தீ மூட்டினோம். செடியைக் காத்துவிட்டோமென்ற பெருமிதம் வேறு!

நாம் ஒரு செம்பனைத் தோட்டத்துக் கிராணி. ஆங்கில வழியிற் கற்றவர். பூச்சிகளின் இலத்தீன் பெயர்கள் சில நமக்கு மனப்பாடம். ஆனால் வாசலிலுள்ள செடியைக் கூர்ந்து பார்க்கும் வழக்கம் இருந்ததில்லை.

இரு வாரங்கழித்துக் கறிவேப்பிலைச் செடியிலும் அதே போன்றதொரு கட்டி. மீண்டும் கத்தரிக்கோலை எடுத்தோம். இலை கேட்டு வந்திருந்த பக்கத்து லயத்துப் பாட்டி தடுத்தார்.

"வெட்டாதீங்க, கிராணி ஐயா. அது தயிர்கடைப் பூச்சி முட்டை. குஞ்சு வந்தா செடிப்பேனைத் தின்னும்."

"அது எப்படி உங்களுக்குத் தெரியும், பாட்டி?"

"இருபத்திரண்டு வருஷம் மருந்தடிச்சேனே, ஐயா! கண்ணு சும்மாவா இருந்தது?"

நமக்கு முழு நம்பிக்கை பிறக்கவில்லை. ஒருவர் சொன்னார் என்பதற்காக எதையும் ஏற்றலாகாது. சொன்னவர் பள்ளி சென்றவரல்லர் என்பதற்காகத் தள்ளலும் ஆகாது. சோதித்தறிவதே முறை. ஆகவே கிளையை வெட்டாமல் மெல்லிய துணியாற் சுற்றிக் கட்டி, நாட்களைக் குறித்து வந்தோம்.

பன்னிரண்டாம் நாள் துணிக்குள்ளே எறும்பினும் சிறிய, பச்சை மினுக்குடைய குளவிகள் சில ஊர்ந்தன. கூட்டின் பக்கவாட்டில் ஊசியாற் குத்தியது போன்ற துளைகள். 'பாட்டி சொன்னது பொய்த்தது' என்று உள்ளூர மகிழ்ந்தோம். அம்மகிழ்ச்சியை இங்கே ஒப்புக்கொள்ளுகிறோம். அது நமது சிறுமை. மூன்று நாட்கழித்து விடியற்காலையில் நம் மகள் கூவியழைத்தாள். கூட்டின் நடுவரிசையிலிருந்து வெளிறிய நூற்கொத்துப் போல் குஞ்சுகள் தொங்கிக்கொண்டிருந்தன. 43 வரை எண்ணினோம். அதற்குள் அவை கால் விரித்துக் கலைந்தன. ஒவ்வொன்றும் கொசுவளவே, ஆயினும் முன்கால் மடித்த தயிர்கடைப் பூச்சியேதான்.

பின்னர் நூல்களைப் புரட்டினோம். தாய்ப்பூச்சி தன் வாற்புறத்தால் ஒரு திரவத்தை நுரைக்க அடித்து, அந்நுரையினுள் முட்டைகளை வரிசையாக இடுகிறது. நுரை இறுகிக் கூடாகிறது. இனத்துக்கேற்பப் பத்துக்கணக்கில் முதல் நூற்றுக்கணக்கில் வரை முட்டைகள் இருக்கும். அக்குளவியோ நீண்ட ஊசி போன்ற உறுப்பால் நுரையைத் துளைத்து, உள்ளிருக்கும் முட்டைகளில் தன் முட்டையை இடுவது. ஆகவே பாட்டி சொன்னதும் மெய். குளவி வந்ததும் மெய்.

இப்பூச்சியைக் கும்பிடுபூச்சி என்பாரும் உளர். அது எவரையும் கும்பிடுவதில்லை. மடித்த கைகள் இரை பிடிக்கும் கருவிகள். செடிப்பேன் மட்டுமன்று, தேனீயையும் உடன்பிறந்த குஞ்சையுங்கூடத் தின்னும். அதன் கூட்டை அவித்துலர்த்திச் சீன மருந்துக் கடைகளில் விற்கின்றனர். பிரெஞ்சு நாட்டுத் தென்பகுதிக் கிராமத்தார், குளிரால் வரும் விரல் வீக்கத்துக்கு இதனை மருந்தென்று நம்பினர். அந்நாட்டுப் பூச்சியாராய்ச்சியாளர் ஃபாபர் (1823–1915) அதைத் தம்மிடமே சோதித்துப் பயனில்லையென எழுதினார். சோதித்த பின்னரே மறுத்தார், அதுவன்றோ அறிவுடைமை!

அன்பர்கள் தம் தோட்டத்திற் கண்டறிய வேண்டியவை சில. மயிரிழைக் காம்பின் நுனியில் நிற்கும் வெண்புள்ளிகள் கண்ணாடிச் சிறகுப் பூச்சியின் முட்டைகள். அவற்றின் புழு செடிப்பேனைத் தின்னும் நண்பன். மூடியிட்ட சிறு பீப்பாய்கள் போல் நெருக்கி அடுக்கியவை நாற்றப்பூச்சியினுடையவை. அவற்றுட் பல சாறுறிஞ்சுவன. கறிவேப்பிலை, எலுமிச்சை இலையில் தனித்திருக்கும் மஞ்சள் உருண்டை வண்ணத்துப்பூச்சியின் முட்டை; அதன் புழு இலை தின்னும்.

செம்பனை ஓலையில் காய்ந்த இலைத்துணுக்குப் பொதிபோல் தொங்குவதைத் தோட்டத்தில் மலாய்ப் பெயராலே 'உலாட் புங்குஸ்' என்பர். அதன் தாய்க்குச் சிறகில்லை. பொதிக்குள்ளேயே நூற்றுக்கும் மேற்பட்ட முட்டையிட்டு மடியும். அப்புழுவைக் கொல்லும் குளவிகளுக்குத் தேன் கிடைக்கவே, தோட்டப் பாதையோரங்களில் டர்னேராச் செடிகளை நடுகின்றனர். கறிவேப்பிலையிற் பகையான குளவிக்கூட்டம் செம்பனையில் உறவாகிறது. நல்லது கெட்டதென்பன நாம் இட்ட பெயர்களே.

ஒன்று நம்மை இன்னும் உறுத்துகின்றது. மருந்தடிப்புக் கணக்கேட்டில் நாம் எழுதுவன ஆளின் பெயர், மருந்தின் அளவு, நிலத்தின் பரப்பு. தெளித்தவர் கண்டது யாதென்பதற்கு அதில் இடமில்லை. அப்பாட்டியின் பெயரை நம் கையால் எத்தனையோ நாட்கள் எழுதியிருக்கிறோம். ஒரு நாளேனும் ஒரு கேள்வி கேட்டோமில்லை. "அப்பொழுதே ஏன் சொல்லவில்லை?" என்றோம்.

"கேட்டாத்தானே சொல்றது, ஐயா? அந்தக் கூட்டு மேலேயும் அடிக்கச் சொன்னாங்க, அடிச்சோம்."

நமக்கு மறுமொழி தோன்றவில்லை. கொளுத்திய கூடு மீளப்போவதில்லை. கணக்கேட்டின் கடைசிப் பக்கத்தில் நாமே கோடிழுத்து, 'கண்டது' என்றொரு தலைப்பு எழுதி வைத்துள்ளோம். மருந்தடித்துத் திரும்புவோரை இப்பொழுது நாள்தோறும் கேட்கிறோம். சிலர் சிரிக்கின்றனர், சிலர் சொல்லத் தொடங்கியுள்ளனர். அன்பர்களே, செடியிற் புதியதொன்றைக் கண்டால் தீக்குச்சியைத் தேடுமுன் பத்து நாள் பொறுங்கள், அருகிலிருப்பவரைக் கேளுங்கள்.