நகத்தளவு முகம்

அம்மாவின் முப்பத்தோராம் நாள் கல்வெட்டுக்கு அப்பாவின் படமும் வேண்டியிருந்தது. எங்களிடம் இருந்தது ஒன்றே ஒன்று. 1995 ஒக்ரோபர் 30 இரவு, வலிகாமத்துச் சனமெல்லாம் தென்மராட்சிப் பக்கம் வெளிக்கிட்டபோது, அல்பங்கள் வீட்டோடு நின்றுவிட்டன. சுவரில் தொங்கிய கலியாணவீட்டுக் குழுப்படம் ஒன்றை மட்டும் அம்மா பழஞ்சேலையில் சுற்றிக் கொண்டுவந்தார். அதில் பின்வரிசையில் அப்பா. முகம் எங்கள் சுண்டுவிரல் நகத்தளவு, எட்டு மில்லிமீற்றர்.

அந்த இரவு மழையில் நனைந்த படம் கண்ணாடியோடு ஒட்டிப்போய்விட்டது. உரித்தால் முகமும் உரிந்துவிடும். ஸ்கானரில் வைத்தோம், இடையில் கண்ணாடி நின்றதால் கலங்கலாகவே வந்தது. கமராவால்தான் எடுக்கவேண்டும், அதுவும் மிகக் கிட்ட நின்று.

ரொறன்ரோவில் பழைய கமரா விற்கும் கடையொன்றுக்கு மூவரும் போனோம். வில்லைக்கு முன்னால் மூக்குக்கண்ணாடிபோலத் திருகிக்கொள்ளும் கிட்டப்பார்வைக் கண்ணாடி மலிவு. ஆனால் ஓரங்கள் மங்கும். அடுத்தது வில்லைக்கும் கமராவுக்கும் இடையில் பூட்டும் வெறுங்குழாய். 50 மில்லிமீற்றர் வில்லைக்கு 50 மில்லிமீற்றர் குழாய் போட்டால் பொருளின் உண்மை அளவு அப்படியே பதியும். வெளிச்சம் மட்டும் காற்பங்காகக் குறையும். கடைக்காரர் 100 மில்லிமீற்றர் மக்ரோ வில்லையைக் காட்டி, பூச்சி மிரளாமல் தள்ளிநின்று எடுக்கலாம் என்றார். “அப்பா பறந்துபோகமாட்டார்” என்றான் தம்பி. அக்கா சிரிக்கவில்லை.

கடைசியில் வாங்கியது நிக்கோனின் பழைய 55 மில்லிமீற்றர் மைக்றோ வில்லை. அது தனியே பாதியளவு காட்டும், 27.5 மில்லிமீற்றர் குழாய் சேர்த்தால் முழு அளவு. தட்டையான தாளை ஓரம்வரை கூராக எடுக்கும். இந்த வரிசையின் முதல் வில்லை 1956இல் வந்தது. இலத்தீன் எழுத்துக்குப் போதுமாயிருந்த நுண்படம், யப்பானிய எழுத்தின் நெருங்கிய கோடுகளுக்குப் போதவில்லை என்பதால் செய்யப்பட்டது. தங்கள் எழுத்தைக் காக்க ஒரு வில்லையே செய்தவர்கள் அவர்கள். 1981இல் எரிந்த யாழ்ப்பாண நூலகத்தின் சுமார் 97,000 நூல்களும் ஏடுகளும் எங்கள் நினைவுக்கு வராமலில்லை.

இரவு சமையலறை மேசையில் படத்தை வைத்தோம். இரண்டு பக்கமும் நாற்பத்தைந்து பாகையில் விளக்கு. கண்ணாடியில் கமரா தெரியாதிருக்க அதைச் சுற்றிக் கறுப்புத் துணி. கமரா சரிவில்லாமல் நிற்கிறதா என்று பார்க்க ஒரு வழியுண்டு: படத்தின்மேல் சிறு முகக்கண்ணாடியை வைத்து, வில்லையின் பிம்பம் நடுவில் விழும்வரை திருத்தவேண்டும். துவாரம் எப்8. அப்போதும் கூர்மை நிற்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் ஆழத்துக்குத்தான். கை அதிராதிருக்கத் தாமதப் பொத்தானை அமத்திவிட்டு மூவரும் மூச்சை அடக்கிக்கொண்டு நின்றோம்.

கணினித் திரையில் அப்பா வந்தார். முகத்துக்கு ஆயிரத்து முந்நூறு புள்ளிகள் இருந்தும், கண்கள் இரண்டும் வெள்ளிமணிகளாகவே சிதறியிருந்தன. படத்தில் இல்லாததை எந்த வில்லையும் தராது. கணினியில் கண்ணை வரைந்துவிடலாம் என்றான் தம்பி. வேறு யாருடையவோ கண்ணாக இருக்கும் என்றா அக்கா.

ஆனால் சட்டைப் பையில் பேனாவின் கொளுக்கி தெளிவாகத் தெரிந்தது. அம்மா அதைப்பற்றிச் சொல்லியிருக்கிறார்; நாங்கள் கண்டதில்லை. முகத்தைச் சிறிதாகவே விட்டு, பை தெரியும்படி வெட்டி, கல்வெட்டில் அம்மாவுக்குப் பக்கத்தில் போட்டோம்.