மந்தணக் கோப்பும் எதிர்த்த டீக்கடையும்

நகராட்சியில் பணியமைப்புப் பிரிவுக்கு வரும் தபாலில் பெரும்பகுதி ஊதிய உயர்வு, விடுப்புக் கணக்கு, பணிப்பதிவேட்டில் பதிவு என்று சாதாரணமாகத்தான் இருக்கும். இடையிடையே வேறு மாதிரித் தாள்களும் வரும். இறந்துபோன ஊழியரின் கருணை வேலைக்கு இரண்டு மனைவிகள் மனுக் கொடுப்பார்கள். காசநோய்க்கு மருந்து சாப்பிடும் தூய்மைப் பணியாளர் விடுப்புக் கேட்பார். வசூலித்த வரியை உரிய நாளில் கட்டாத பில் கலெக்டர் மேல் தணிக்கைக் குறிப்பு வரும். மேலதிகாரியின் நடத்தை பற்றிப் பெண் ஊழியர் புகார் தருவார்.

இந்தக் கோப்புகளின் மேல் 'மந்தணம்' என்று எழுதுவோம். ஆனால் நடப்பு என்ன? உள்ளே இருக்கும் சங்கதி எதிர்த்த டீக்கடை வரைக்கும் தெரிந்திருக்கும். சம்பந்தப்பட்ட ஊழியருக்கு மட்டும் தெரியாது. இதைத் திருப்பிப் போடுவதுதான் இந்த இருக்கையின் வேலை. ஊருக்கு எதுவும் தெரியக் கூடாது. குற்றம் சாட்டப்பட்டவரிடம் எதையும் ஒளிக்கக் கூடாது.

முதல் பாதி சில பழக்கங்களில் அடங்கிவிடும். விடுப்பு ஆணையில் நோயின் பெயர் வேண்டாம். மருத்துவக் காரணம் என்றால் போதும். குறிப்பாணையைத் திறந்த தாளாகக் கொடுத்தனுப்பாமல் உறையில் ஒட்டி, ஒப்புதல் பெற்றுக் கொடுக்க வேண்டும். "நம்ம வார்டு ஆளுங்க, என்ன ஆச்சு?" என்று கவுன்சிலர் கேட்டால், "விசாரணையில இருக்குங்க" என்பதற்கு மேல் ஒரு சொல் தேவையில்லை. மொட்டைக் கடிதம் வந்தவுடன் விளக்கம் கேட்டு ஓலை அனுப்பினால், எழுதியவன் நினைத்தது நடந்துவிட்டது என்று பொருள். பாலியல் துன்புறுத்தல் புகார் என்றால் 2013ஆம் ஆண்டுச் சட்டமே வாயைக் கட்டிவிடுகிறது: புகார் தந்தவர், எதிர்த்தரப்பு, சாட்சிகள் யாருடைய அடையாளத்தையும் வெளியிடக் கூடாது. உள்ளகக் குழு 90 நாளில் விசாரணையை முடிக்க வேண்டும்.

இரண்டாவது பாதிதான் கடினம். "கடமையில் அலட்சியம் காட்டினார்" என்று மட்டும் குற்றச்சாட்டு எழுதினால் அதற்கு என்ன பதில் சொல்ல முடியும்? எந்த நாள், எந்த ரசீது, எவ்வளவு தொகை என்று இருக்க வேண்டும். ஆவணப் பட்டியலும் சாட்சிப் பட்டியலும் கூடவே போக வேண்டும். விசாரணை அலுவலரின் அறிக்கை நகலைத் தண்டனை முடிவுக்கு முன்பே ஊழியருக்குத் தர வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 1990இல் முகமது ரம்சான் கான் வழக்கில் சொன்னது. 1993இல் கருணாகர் வழக்கில் அதை உறுதி செய்தது. இருந்தும் "நகல் கொடுத்தால் வழக்குப் போடுவான்" என்று தயங்கும் அதிகாரிகள் உண்டு. கொடுக்காவிட்டால்தான் வழக்கு வலுவாகும்.

பணியிடைநீக்கம் தண்டனை இல்லை என்று விதி சொல்லும். பிழைப்பூதியமாகச் சம்பளத்தில் பாதியளவு வாங்கும் வீட்டில் அப்படிச் சொல்லிப் பாருங்கள். குற்றச்சாட்டுக் குறிப்பாணை தராமல் மூன்று மாதத்துக்கு மேல் ஒருவரை வெளியே நிறுத்தக் கூடாது என்று 2015இல் அஜய்குமார் சௌத்ரி வழக்கில் தீர்ப்பு வந்ததற்குக் காரணம் இந்த இழுத்தடிப்புதான். ஆகவே பணியிடைநீக்க ஆணையில் கையெழுத்தான அன்றே குறிப்பாணை வரைவைத் தொடங்கிவிட வேண்டும். கோப்பு தூங்கும் ஒவ்வொரு நாளும் வதந்திக்கு ஒரு கால் கூடுதலாக முளைக்கும்.

நீதிமன்றத்தில் விழுந்துபோகும் ஒழுங்கு நடவடிக்கைகள் பலவற்றில் தவறு நடந்தது உண்மையாகவே இருக்கும். ஊழியருக்குக் காட்டாத ஒரு தாள்தான் அவற்றைக் கவிழ்த்திருக்கும்.

இந்த இருக்கைக்குப் புதிதாக வரும் தம்பி தங்கைகளுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு. குறிப்பில் நீங்கள் எழுதும் ஒவ்வொரு வரியையும் அந்த ஊழியர் ஒருநாள் படிப்பார் என்று நினைத்து எழுதுங்கள். வழக்கென்று வந்தால் கோப்பு முழுவதும் நீதிமன்றத்துக்குப் போகும். அவர் படிக்கத்தான் போகிறார்.