நூறு சதவீதமும் ஒரு சிறுமியும்

ஆண்டுதோறும் மே மாதத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு முடிவு வெளியானதும் நம் மஹல்லாக்களில் ஒரு பேச்சு எழும். அரசுப் பள்ளி இத்தனை சதவீதந்தான், தனியார் பள்ளியோ நூறு சதவீதம் என்பதே அப்பேச்சு. நானும் அதைப் பேசியவன்தான். அதனால் விளைந்ததை உங்களிடம் மறைக்க விரும்பவில்லை.

மாலை மதரஸாவில் என்னிடம் ஓதிய சிறுமியொருத்தி, எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் எட்டாம் வகுப்பை முடித்திருந்தாள். அவ்வாண்டு அப்பள்ளியின் தேர்ச்சி 85 சதவீதம். "ஹஜ்ரத், பிள்ளையை இங்கேயே படிக்க வைக்கவா, மாற்றவா?" என்று அவளுடைய வாப்பா கேட்டார். விளம்பரத்தில் நூறு சதவீதம் கண்டிருந்த நான் ஒரு தனியார் பள்ளியைச் சொன்னேன். மனைவியின் வளையல்களை விற்று அவர் கட்டணம் செலுத்தினார். தமிழ் வழியில் படித்த பிள்ளை ஆங்கில வழியில் திணறினாள். ஒன்பதாம் வகுப்பின் இறுதியில், "கணக்கில் பின்தங்கியிருக்கிறாள், மாற்றுச் சான்றிதழ் வாங்கிக்கொள்ளுங்கள்" என்று சொல்லிவிட்டனர்.

அவளை மீண்டும் அரசுப் பள்ளியில் சேர்க்க நானே உடன் சென்றேன். என் வெட்கத்தைக் கண்ட தலைமையாசிரியை, முந்தைய ஆண்டின் பதிவேட்டை என் முன் விரித்தார். தேர்வெழுதியவர் 20 பேர். தேறியவர் 17 பேர். வரலாறு படித்த எனக்கும் அந்தக் கணக்கு விளங்கிற்று: இருபது பேரில் ஒரு பிள்ளை தவறினால் 5 சதவீதம் குறையும். இருநூறு பேர் எழுதும் பள்ளியிலோ அதே ஒரு பிள்ளையால் குறைவது அரை சதவீதமே.

தவறிய மூவர் யார்? ஒருவன் கணக்கில் 32 மதிப்பெண் பெற்றவன்; தேற வேண்டியது 35. அடுத்து வந்த துணைத்தேர்விலேயே அவன் தேறிவிட்டான். ஆனால் மே மாதத்து 85 அப்படியே நின்றது. இன்னொருவன் இரவு பதினொரு மணிவரை பரோட்டாக் கடையில் மாவு பிசைபவன். மூன்றாமவன் பத்தாம் வகுப்புக்கு வேறு பள்ளியிலிருந்து வந்து சேர்ந்தவன். எங்கிருந்து என்று கேட்டேன். நான் பரிந்துரைத்த அதே பள்ளியிலிருந்துதான்! அங்கே நூறாக நின்றதன் குறை இங்கே ஐந்தாகக் கழிந்திருந்தது.

கொரோனா காலத்தில், 2020-லும் 2021-லும், பத்தாம் வகுப்புத் தேர்வே நடைபெறவில்லை. அனைவரும் தேர்ச்சி என அரசு அறிவித்தது. அவ்விரண்டு ஆண்டுகளிலும் எல்லாப் பள்ளிகளுமே நூறு சதவீதந்தான்! மாநில அளவில் முதலிடம் பெற்றோர் பட்டியலைத் தமிழக அரசு 2017-லேயே நிறுத்திவிட்டது. விளம்பரப் பலகைகள்தாம் நிற்கவில்லை. அமெரிக்காவில் 2002-ல் ஒரு சட்டம், 2014-க்குள் எல்லாக் குழந்தைகளும் வாசிப்பிலும் கணக்கிலும் குறித்த தரத்தை எட்டியாக வேண்டுமென்றது. எட்டவில்லை, 2015-ல் சட்டத்தையே மாற்றினர்.

மதிப்பெண்ணே வேண்டாம் என நான் சொல்லவில்லை. 85 சதவீதம் என்றால் மூன்று பிள்ளைகள் தவறியிருக்கிறார்கள். அவர்களுக்காகப் பள்ளியும் ஊரும் பதில் சொல்லத்தான் வேண்டும். ஆயினும், ஆறாம் வகுப்பில் சேர்ந்தவர் எத்தனை பேர், ஒன்பதோடு அனுப்பப்பட்டவர் எத்தனை பேர், பத்தில் எழுதியவர் எத்தனை பேர் என்று நாம் எந்தப் பள்ளியிலேனும் கேட்டதுண்டா?

அந்தச் சிறுமி கணக்கில் 58 மதிப்பெண் பெற்றுத் தேறினாள். அவளுடைய வாப்பாவிடம் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்க ஹஜ்ரத், நல்லதை நினைச்சுத்தானே சொன்னீங்க" என்றார். வளையல்களைப் பற்றி அவர் பேசவில்லை.

சென்ற மே மாதம் இன்னொரு தகப்பனார் செய்தித்தாளும் கையுமாக வந்தார். அவரை அழைத்துக்கொண்டு நேரே தலைமையாசிரியையிடம் போனேன். பதிவேட்டைப் பார்த்த பிறகுதான் பேசத் தொடங்கினோம்.