இருமச் சொன்னால் தெரியும்

திங்கள், மதுரை

தாண்டிக்குடியிலிருந்து சித்தப்பாவை இறக்கிக்கொண்டு வந்துவிட்டார்கள். நிமோனியா வந்து, நெஞ்சுக்கூட்டில் சீழ் கட்டி, நுரையீரலைச் சுற்றித் தடித்த தோலாக இறுகியிருக்கிறது. கொடைக்கானலில் எடுத்த எக்ஸ்ரேயிலேயே வலப்பக்கம் முழுக்க வெள்ளை. நாளை கேமரா விட்டு உரித்தெடுப்பார்கள்.

"சின்ன ஓட்டைதானேப்பா, வலிக்காதுல்ல?"

மயக்க மருத்துவனான என்னிடம் கேட்கிறார். ஓட்டை சின்னதுதான். ஆனால் ஒவ்வொரு விலாவின் கீழ்விளிம்பை ஒட்டியும் ஒரு நரம்பு ஓடுகிறது. கருவியும் வடிகுழாயும் அதை நசுக்கிக்கொண்டுதான் இருக்கும்.

செவ்வாய்

சொந்தக்காரருக்கு நான் ஊசி போடுவதில்லை. நண்பரிடம் விட்டேன், வாயை மட்டும் அடக்க முடியவில்லை. நெஞ்சைத் திறந்து செய்த காலத்தில், தண்டுவடத்தை ஒட்டி மருந்து விடும் எபிடியூரல்தான் ராஜா. அதில் ரத்த அழுத்தம் இறங்கும், சிறுநீர் அடைக்கும். சித்தப்பாவுக்கு ஏற்கெனவே ப்ராஸ்டேட் தொல்லை. கேமரா அறுவைக்கு 2022-இல் வெளியான, ப்ராஸ்பெக்ட் என்ற வலி நிவாரணக் குழுவின் பரிந்துரையும் எபிடியூரலைக் கழித்துவிட்டது. நரம்பை மரக்கவைக்கும் பாராவெர்டிப்ரல் பிளாக், இல்லையென்றால் 2016-இல் அறிமுகமான எரெக்டர் ஸ்பைனே பிளாக்; கூடவே பாரசிட்டமாலும் டைக்ளோஃபெனாக் வகை மருந்தும் என்கிறது.

என் கை பாராவெர்டிப்ரலுக்குத்தான் போகும். நரம்பு முதுகெலும்பை விட்டுப் புறப்படும் இடத்திலேயே மருந்து சேரும். நண்பர் மறுத்தார்: அதற்கு அடுத்த சுவரே சீழ் பிடித்த உறை, அங்கே ஊசி வேண்டாம். நியாயம்தான். நுரையீரலை விட்டு எட்ட, முதுகுத் தசைக்கு அடியில் எரெக்டர் ஸ்பைனே போட்டார். அந்த மருந்து எல்லோருக்கும் ஒன்றுபோலப் பரவுவதில்லை என்பது என் பழைய மனக்குறை.

புதன்

"நல்லா தூங்குறாரு, வலியே இல்ல" என்றார் சித்தி. அசையாமல் படுத்திருந்தால் யாருக்கும் வலி குறைவுதான். இருமச் சொன்னேன். பாதியில் நிறுத்தி விலாவைப் பிடித்துக்கொண்டார். ஒருமுறை போட்ட பிளாக் அரை நாள் தாங்கும், மிஞ்சினால் ஒரு நாள். அது இறங்குவதற்குள் மாத்திரை ஏறியிருக்க வேண்டும். தூங்குகிறாரே என்று ராத்திரி பாரசிட்டமாலை விட்டுவிட்டார்கள். இருமாவிட்டால் சளி தேங்கும், நுரையீரல் விரியாது. உரித்தெடுத்த பலன் போய்விடும்.

மார்ஃபின் மருந்து வலியை அடக்கும், அளவு மிஞ்சினால் மூச்சையும் அடக்கும். கொஞ்சம் டிராமடால் போதும் என்று முடிவாயிற்று. குமட்டல்தான் அதன் கூலி. தலையணையை நெஞ்சோடு அணைத்து இருமவைத்தோம். பிறகு மூச்சுப் பயிற்சிக்கான மூன்று பந்துக் கருவி. எல்லோரையும்போல அவரும் ஊதினார்.

"ஊதாதீங்க சித்தப்பா, உறிஞ்சுங்க."

இரண்டு பந்து எழும்பியது.

ஞாயிறு

குழாயை எடுத்தார்கள். வலியில் பாதி அதோடு போனது. ஊசிகளைப் பற்றி நாங்கள் அடித்துக்கொள்கிற நேரத்தில் கொஞ்சம், குழாயை எப்போது எடுக்கலாம் என்பதற்கும் ஒதுக்கலாம்.

வியாழன்

வீடு திரும்பிய சித்தப்பா தாண்டிக்குடியிலிருந்து போன் செய்தார். சித்தரேவு வழியாக ஜீப்பில் ஏறினார்களாம், ஒவ்வொரு வளைவிலும் விலா பேசியதாம். அதைவிட, மார்புக்குக் கீழே சட்டை பட்டாலே எரிகிறது என்றார். நசுங்கிய நரம்பின் வேலை. பாரசிட்டமாலுக்கு அவ்வளவாக அடங்காது, சிலருக்கு மாதக்கணக்கில் இழுக்கும். வேறு மாத்திரை பார்க்க வேண்டும், கீழே வாருங்கள் என்றேன். மிளகு பறித்து முடியட்டும் என்கிறார்.